முப்பத்தோராம் வரியின் இரண்டு கோடுகள்

17-11-2004: காந்தன் படகேறினான். கையில் கொண்டுபோனது 150 ரிங்கிட்.
26-12-2004: ஞாயிறு.
3-10-2024: விமானச் சீட்டு, போக வர, 614 ரிங்கிட்.
7-12-2024: பாஜு கூரோங் இரண்டு, துணியும் தையல் கூலியும், 180 ரிங்கிட்.
14-12-2024: தூடோங் இரண்டு, உள்தொப்பி ஒன்று, 46 ரிங்கிட்.
26-12-2024: கெண்டூரி விருந்துக்குக் கொடுத்தது, மூன்று லட்சம் ருப்பியா.
13-1-2025: பதிவுத் தபால், 11 ரிங்கிட் 40 காசு.
3-3-2025: பதிவுத் தபால், 11 ரிங்கிட் 40 காசு.

இத்தனையும் மலாக்கா குருபோங்கில் ஒரு வரிசை வீட்டில் குடியிருக்கும் பெத்தம்மாளைச் சேர்ந்தவை. 9-4-1962இல், செர்காம் போகும் சாலையை ஒட்டியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா வீரன், அம்மா குஞ்சம்மா, இருவரும் பால்மரம் சீவியவர்கள். அவளுக்கு ஒன்பது வயது இளையவன் தம்பி காந்தன். முதல் இரண்டு தேதிகளும் அவனுடையவை.

பெத்தம்மாளின் வாழ்க்கையை அவள் உடுத்தியதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். பதின்மூன்று வயதில் அம்மாவுக்கு ஒத்தாசையாக மரத்துக்குப் போனபோது அப்பாவின் முழுக்கைச் சட்டை, பழைய சாரோங், கொசுவுக்குத் தலையைச் சுற்றி ஒரு துண்டு. 1989இல் குருபோங்கில் மின்னணு உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே தூசு படக்கூடாத அறையில் வேலை. வெள்ளை அங்கி, தலையை மூடும் தொப்பி, முகமூடி, கையுறை, காலுறை என்று பதினோரு படிகளை வரிசை மாறாமல் முடித்தால்தான் கதவு திறக்கும். வெளியே தெரிவது கண் மட்டும். முப்பது வருடம் அப்படி நின்றிருக்கிறாள். யாருடைய கண் எது என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடுவாள்.

கோயிலுக்குச் சேலை. மகனின் பள்ளிக்கூடத்துக்குப் போனால், மலாய்ப் பெண்கள் போடும் நீள அங்கியும் பாவாடையுமான பாஜு கூரோங். ஒரு தடவை அரசாங்க அலுவலகம் ஒன்றுக்கு முழங்கால் தெரியும் பாவாடையோடு வந்த பெண்ணைக் காவலாளி நிறுத்தி, இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு சாரோங்கை நீட்டியதை வரிசையில் நின்றபடி பார்த்தாள். அந்தப் பெண் முணுமுணுத்துக்கொண்டே சுற்றிக்கொண்டாள். பெத்தம்மாளுக்கு அதில் வருத்தப்பட ஒன்றும் தெரியவில்லை. அன்றிலிருந்து தன் கைப்பையில் ஒரு சாரோங்கை மடித்து வைத்தாள். "போற எடத்துக்கு உடுத்தணும், அவ்ளோதான்" என்பாள். அவள் கணவன் பெரியதம்பி லோரி ஓட்டி ஓய்வுபெற்றவர். எங்கே போனாலும் அரைக்கால் சட்டையோடு போய், எங்கேயாவது திருப்பி அனுப்பப்பட்டு வருகிறவர்.

காந்தன் படகு எஞ்சின் பழுதுபார்ப்பவன். கோலா சுங்கை பாருவில் மீன்பிடிப் படகுகளை வைத்துப் பிழைத்தான். கல்யாணம் ஆகவில்லை. 2004 நவம்பரில், சுமத்ராவிலிருந்து மரக்கரி ஏற்றிவரும் பெரிய மரப்படகு ஒன்றின் எஞ்சின் தகராறு செய்தது. படகுத் தலைவன் அவனைக் கூடவே வரச் சொன்னான். ஒரு மாதத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு 17ஆம் தேதி புதன்கிழமை ஏறினான். டிசம்பர் 26 காலையில் கடல் எழுந்தபோது படகு சுமத்ராவின் வடகோடியான ஆச்சேயின் கரையில் நின்றிருந்தது என்பது மட்டும் பிறகு தெரிந்தது. எந்தத் துறை, எந்தக் கிராமம் என்று சொல்ல ஆள் இல்லை.

குஞ்சம்மா தலை முழுகச் சம்மதிக்கவில்லை. உடம்பைப் பார்க்காமல் காரியம் செய்யக்கூடாது என்றாள். உறவினர்கள் சொல்லிப் பார்த்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். 2019இல் அவளும் போய்ச் சேர்ந்தாள். காந்தனின் அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் பெத்தம்மாளின் அலமாரிக்கு வந்தன.

2024 செப்டம்பரில் பெத்தம்மாளின் மகன் கிஷன் முகநூலில் அந்தப் படகின் பெயரைக் கண்டான். அந்த அலையில் போன படகுத் தலைவனின் மனைவி இபு மர்யானி என்பவள் இருபதாம் வருட நினைவுக்காக அதை எழுதியிருந்தாள். படகில் இருந்தவர்களைப் பண்டா ஆச்சேக்கு அருகே ஒரு மீனவக் கிராமத்தில், ஊர்க்காரர்களோடு சேர்த்து ஒரே குழியில் அடக்கம் செய்திருந்தார்கள். ஊரில் ஒரு நினைவுக் குழு இருந்தது. அதனிடம் ஒரு பேரேடு இருந்தது. அதில் முப்பத்தோராம் வரியில் 'மலாக்கா மெக்கானிக், பெயர் தெரியவில்லை' என்றிருந்தது.

கிஷன் விசாரித்து எழுதினான். அந்த வரியை நிரப்பக் குடும்பத்திலிருந்து யாராவது நேரில் வரவேண்டும் என்றது குழு. பெத்தம்மாள் தானே போவதாகச் சொன்னாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். தம்பியின் பெயர் அந்த வரியில் ஏறவேண்டும். அது ஏறினால் வருகிற ஆடி அமாவாசைக்குக் கடலோரத்தில் அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்துவிடலாம்.

ஆச்சேயில் உடைக் கட்டுப்பாடு உண்டு என்று கேள்விப்பட்டிருந்தாள். தொழிற்சாலையில் கூட வேலை செய்த மலாய்த் தோழி கக் ரோஸைக் கூப்பிட்டாள். கக் ரோஸ் ஒரு பிற்பகல் முழுக்கக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தாள். முதலில் உள்தொப்பி, அதற்குமேல் தூடோங் என்கிற தலைத்துணி, தாடைக்கு அடியில் ஒரு ஊசி, தோளில் ஒன்று. பெத்தம்மாளுக்கு இரண்டாவது தடவையே கை வந்துவிட்டது. முப்பது வருடம் தலை மூடிய பழக்கம். கக் ரோஸ் தள்ளி நின்று பார்த்து, அசல் பினாங்கு மாமி மாதிரி இருக்கிறாய் என்று சிரித்தாள். தமிழ் முஸ்லிம் பெண்களைத்தான் அப்படிச் சொன்னாள். அந்தச் சிரிப்பை பெத்தம்மாள் பாராட்டாக எடுத்துக்கொண்டாள்.

25ஆம் தேதி புதன்கிழமை பண்டா ஆச்சேயில் இறங்கி, ஒரு சிறிய விடுதியில் தங்கினாள். மறுநாள் காலை ஆறு மணிக்குக் குளித்து, நீல பாஜு கூரோங்கைப் போட்டாள். தாலியைக் கழுத்துக்கு உள்ளே விட்டாள். நெற்றியிலிருந்த ஒட்டுப் பொட்டை எடுத்து விடுதிக் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டினாள். தூடோங்கைக் கட்டி ஊசி குத்தினாள். இதில் பாதியை அங்கே யாரும் அவளிடம் கேட்கவில்லை. ஆனால் அரைகுறையாகச் செய்வது அவளுக்கு வராது. பதினோரு படி என்றால் பதினொன்றும்.

புதைகுழி மைதானத்தின் வாசலில், இது முஸ்லிம் உடை அணிய வேண்டிய இடம் என்று பலகை இருந்தது. பெத்தம்மாள் அதைப் படித்து, சரியாகத்தான் வந்திருக்கிறோம் என்று திருப்திப்பட்டாள். இபு மர்யானி வாசலிலேயே காத்திருந்தாள். ஏறக்குறைய இவள் வயதுதான். பெத்தம்மாளை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள். பெத்தம்மாளுக்கும் அழுகை வந்தது. இருவரும் மலாயில் பேசிக்கொண்டே கூடாரத்துக்கு நடந்தார்கள்.

கூடாரத்தில் இருநூறு பேர் இருக்கும். பேரேட்டை வைத்திருந்தவர் பாக் ஜைலானி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பேனாவைத் திறந்தார். எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், மதம், வயது என்று ஆறு கட்டங்கள். மதக் கட்டத்தில் முதல் வரியில் 'இஸ்லாம்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே வரிக்கு வரி, 'மேற்படி' என்பதற்கு இடும் இரண்டு சின்னக் கோடுகள்.

பெயர் என்ன என்று கேட்டார். காந்தன் என்றாள். தகப்பன் பெயர் கேட்டார். வீரன் என்றாள். அவர் 'காந்தன் பின் வீரன்' என்று எழுதினார். மலேசியாவில் தமிழர் பெயருக்கு நடுவே 'அனாக் லெலாக்கி', அதாவது மகன், என்றுதான் வரும். 'பின்' முஸ்லிம்களுக்கு. அதைத் திருத்த பெத்தம்மாள் வாயெடுப்பதற்குள் அவர் ஊர் கட்டத்துக்குப் போய்விட்டார். மலாக்கா என்று எழுதினார். மதக் கட்டத்தில், மேலே பார்க்காமலே, இரண்டு கோடுகளை இழுத்தார். முப்பத்து மூன்று வயது என்று எழுதி முடித்து, எழுந்து நின்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். இருபது வருடமாகப் பெயரில்லாமல் இருந்த முப்பத்தோராம் சகோதரனுக்கு இன்று பெயர் கிடைத்துவிட்டது என்றார். பெயரைப் படித்தார். எல்லாரும் பாத்திஹா ஓதக் கையேந்தினார்கள்.

பெத்தம்மாளின் கைகள் பழக்கத்தில் கூப்பப் போயின. பக்கத்தில் இருந்தவளைப் பார்த்து அவற்றைப் பிரித்து, உள்ளங்கை தெரிய ஏந்தினாள். காந்தனுக்காக இத்தனை பேர் ஒன்றாக வாய் அசைத்து அவள் பார்த்ததில்லை. அவன் போனபோது துக்கம் கேட்க வந்தவர்களை அம்மா வாசலோடு அனுப்பிவிட்டாள்.

பிறகு கெண்டூரி. பெரிய அண்டாவில் பலாக்காயும் மாட்டிறைச்சியும் போட்டுக் கொதித்தது. பெத்தம்மாள் காலையிலிருந்தே இதை நினைத்துக் கவலைப்பட்டவள். வயிறு சரியில்லை என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, இபு மர்யானி தானாகவே அவள் முன்னால் வெறும் சோறும் பொரித்த மீனும் வைத்தாள். முருகன் காப்பாற்றினான் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டாள்.

விடுதிக்குத் திரும்பி, கண்ணாடியிலிருந்த பொட்டை எடுத்து நெற்றியில் வைத்தாள். பசை போய்விட்டிருந்தது. ஒட்டவில்லை.

கூடாரத்தில் எடுத்த படத்தை மர்யானி கிஷனுக்கு அனுப்பியிருந்தாள். அதை முதலில் பார்த்தவர் பெரியதம்பி. யாருலா இந்த மாமி என்று கேட்டார். கிஷன் அதைக் குடும்பக் குழுவில் போடாமல் தடுத்துவிட்டான். இல்லாவிட்டால் அன்றைக்கே நாலு பேர் வீட்டுக்கு வந்து, எப்போது மாறினாய், ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கேட்டிருப்பார்கள். அதோடு முடிந்தது என்றுதான் வீட்டில் நினைத்தார்கள்.

பெத்தம்மாள் பதினைந்து நாள் ஒன்றும் சொல்லவில்லை. 12-1-2025 ஞாயிறு, பொங்கலுக்குச் சாமான் வாங்கிவந்து சாப்பிட உட்கார்ந்தபோது, இடமும் தேதியும் பெயரும் கிடைத்துவிட்டதால் ஆடி அமாவாசைக்குக் கோயிலில் இப்போதே சொல்லிவைக்கலாம் என்றார் பெரியதம்பி. அப்போதுதான் அந்த இரண்டு கோடுகளைப் பற்றிச் சொன்னாள்.

பெரியதம்பி சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "அப்ப ஒங்கம்மா பதினஞ்சு வருசமா அழுதது ஒரு ஆளுக்கு. நீ அங்க போயி எழுதிட்டு வந்தது வேற ஆளுக்கு."

"நான் எழுதல."

"வாயத் தொறந்திருக்கலாம்லா. வீட்டுல தொறக்குற வாயில கால்வாசி போதும்."

"அத்தன பேரு அவனுக்காகக் கையேந்துறாங்க. நடுவுல எந்திரிச்சி, இல்ல இல்ல, இவன் ஒங்க ஆளு இல்லன்னு சொல்லச் சொல்றீங்களா?"

பெரியதம்பி, ரசம் இருக்கா என்று கேட்டார்.

மறுநாள் பெத்தம்மாள் பாக் ஜைலானிக்குக் கடிதம் எழுதினாள். பேரேட்டில் எதை மாற்றினாலும் கையெழுத்துள்ள கடிதம் வேண்டும் என்பது குழுவின் நடைமுறை. மலாயில் ஒன்பது வரி. தகப்பன் பெயருக்கு முன்னால் 'பின்' என்றிருக்கிறது, மலேசிய வழக்கப்படி 'அனாக் லெலாக்கி' என்று மாற்றித் தரவேண்டும் என்று கேட்டாள். அதற்குமேல் பேனா போகவில்லை. மதக் கட்டத்தைத் தொட்டால், அன்றைக்குத் தூடோங் கட்டி அவர்கள் நடுவே உட்கார்ந்ததற்கும், கையேந்தியதற்கும், மர்யானியோடு ஒரே பாயில் சாப்பிட்டதற்கும் சேர்த்துப் பதில் சொல்லவேண்டும். ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்துவிட்டால் பெயரையே அடித்துவிடலாம்.

பெரியதம்பி கடிதத்தைப் படித்தார். "மெயின் சுவிட்ச விட்டுட்டு பல்ப மாத்துற" என்றார்.

பதில் 24-2-2025இல் வந்தது. பாக் ஜைலானி மரியாதையாக எழுதியிருந்தார். தன் கவனக்குறைவுக்கு மன்னிப்புக் கேட்டு, திருத்திய பக்கத்தின் நகலை வைத்திருந்தார். 'பின்' அடிக்கப்பட்டு, அதன் மேல் கேட்டபடி எழுதியிருந்தது. மதக் கட்டத்தில் இரண்டு கோடுகள் அப்படியே இருந்தன. வேறு ஏதாவது திருத்தம் உண்டா என்று கடைசியில் கேட்டிருந்தார்.

அந்த ஒரு கேள்வி பெத்தம்மாளை ஒரு வாரம் சும்மா இருக்கவிடவில்லை. நாலு தடவை எழுதிக் கிழித்தாள். ஐந்தாவது தடவை எழுதியதை மாற்றவில்லை. நானும் என் தம்பியும் இந்துக்கள். உங்கள் ஊர் வழக்கத்தைக் கேள்விப்பட்டு உங்கள் இடத்துக்கு மரியாதையாக உடுத்தினேன். அந்த உடைக்குள் நான் யார் என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாதது என் தவறு. நீங்கள் ஓதியதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவனை அவனாக எழுதித் தாருங்கள். காந்தனின் பிறப்புப் பத்திர நகலையும் வைத்து 3-3-2025இல் அனுப்பினாள். நோன்பு மாதம் அதற்கு முந்தின நாள்தான் தொடங்கியிருந்தது.

மர்யானி வெள்ளிக்கிழமைதோறும் கைப்பேசியில் ஒரு பூப் படமும் வாழ்த்தும் அனுப்புவாள். டிசம்பர் 27இலிருந்து மார்ச் 14 வரை பன்னிரண்டு வெள்ளிக்கிழமைகள் வந்தது. அதன் பிறகு வரவில்லை. நோன்புப் பெருநாளுக்கு பெத்தம்மாள் வாழ்த்து அனுப்பினாள். பார்த்ததற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை.

ஏப்ரல், மே, ஜூன் போயின. ஆடி அமாவாசை ஜூலை 24, வியாழக்கிழமை. கடலோரச் சடங்குக்குக் கோயிலில் பெயர் கொடுக்க 15ஆம் தேதி கடைசி. பெரியதம்பி ஜூலை தொடக்கத்திலிருந்தே நச்சரித்தார். ஆச்சேக்காரன் என்ன எழுதினால் என்ன, நம் சாமிக்குத் தெரியாதா என்றார். கிஷன் மாமனுக்குச் செய்யத் தயாராக இருந்தான், விடுப்பும் சொல்லிவிட்டான். பெத்தம்மாள் அசையவில்லை.

"ரெண்டு எடத்துல ரெண்டு ஆளா இருக்கான்" என்றாள். "ஒருத்தனா ஆவட்டும். அப்புறம் தண்ணி எறைக்கலாம்."

15ஆம் தேதி போயிற்று.

அதற்கு ஆறாம் நாள், பிற்பகல் மூன்றரை மணிக்குத் தபால்காரர் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். உள்ளே இரண்டு. ஒன்று பேரேட்டுப் பக்கத்தின் நகல். முப்பத்தோராம் வரியில் இரண்டு கோடுகளும் அளவுகோல் வைத்து நேராக அடிக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் 'இந்து' என்று எழுதி, பாக் ஜைலானி சுருக்கொப்பமிட்டு, 11-7-2025 என்று தேதி போட்டிருந்தார்.

மற்றது மர்யானி கைப்பட எழுதிய இரண்டு தாள். குழுவில் அவளும் ஒருத்தி என்பது அதில்தான் தெரிந்தது. பெத்தம்மாளின் கடிதத்தைப் பாக் ஜைலானி அவளிடம்தான் முதலில் காட்டியிருந்தார். குழு கூடுவதற்கே நோன்பும் பெருநாளும் ஹஜ்ஜுப் பெருநாளும் தாண்டவேண்டியிருந்தது. கூடியபோது ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. தான் பேசாமல் இருந்ததற்குக் காரணம் கோபம் இல்லை, வெட்கம் என்று எழுதியிருந்தாள்.

மெக்கானிக் மாட்டிறைச்சி தொடமாட்டான் என்று அவள் கணவன் கரையிலிருந்து தொலைபேசியில் பேசும்போதெல்லாம் சொல்வானாம், பெயரை மட்டும் ஒரு தடவையும் சொன்னதில்லையாம். அவனுக்கென்று படகில் கருவாடு தனியாக வாங்கி வைத்தார்களாம். ஆகவே அவன் யார் என்று அவளுக்குத் தெரியும். அன்று வாசலில் அவன் அக்கா தூடோங்கோடு வந்து நின்றதும் குழம்பிவிட்டாள். இவள் மட்டும் பிறகு மாறியிருப்பாளோ என்று நினைத்தாள். கேட்பது மரியாதை இல்லை. சந்தேகத்துக்கு இருக்கட்டும் என்று மீனை வைத்தாள். பாக் ஜைலானி கோடு இழுத்ததை அவளும் பார்த்தாள். நீங்கள் பேசாமல் இருந்தீர்கள், உங்கள் விருப்பம் அதுதான் போலும் என்று நானும் பேசாமல் இருந்தேன் என்று எழுதியிருந்தாள்.

கடைசியில் இருந்தது இது. அடுத்த டிசம்பரில் வந்தால் உங்கள் சேலையிலேயே வாருங்கள், முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துவிட்டால் போதும், குழுவில் கேட்டுவிட்டேன். நெற்றியில் வைப்பதையும் வையுங்கள். உங்கள் தம்பியின் பையில் ஒரு முருகன் படம் இருந்தது என்று என் கணவர் சொல்லியிருக்கிறார், அதில் இருப்பவருக்கும் நெற்றியில் ஏதோ இருந்ததாம்.

பெத்தம்மாள் மூன்று தடவை படித்தாள். நகலை அலமாரியில், காந்தனின் அடையாள அட்டைக்குக் கீழே வைத்தாள். பிறகு கூடத்துக்கு வந்து, கோயிலுக்குப் போன் போடும்படி பெரியதம்பியிடம் சொன்னாள்.

"பதினஞ்சாந் தேதியே மூடிட்டாங்கலா."

"கேட்டுப் பாருங்க."

அவர் எண்ணைத் தேடி அழுத்தினார். எதிர்முனையில் செயலாளர் கொஞ்சம் கடிந்துகொண்டது கூடத்தில் கேட்டது. பிறகு பெயரைச் சொல்லச் சொன்னார். பெரியதம்பி கைப்பேசியைப் பெத்தம்மாளிடம் நீட்டினார்.

"காந்தன்" என்றாள். "அப்பா பேரு வீரன்."

ஆடி அமாவாசைக்கு மூன்று நாள் மிச்சம் இருந்தது. மர்யானியின் கடிதம் வந்த தேதி 21-7-2025.